நாலு லேப், ஒரு ஊர்

சக்கரம் தொட்ட மண் – 9

ஸ்பீட்வே பைக்குக்கு பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். 500 சிசி இன்ஜின், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். அதில் ஏறி, நீள்வட்ட மண் தடத்தில் இடப்பக்கமாகவே வளைந்து நாலு லேப் சுற்ற வேண்டும். ஒரு ஹீட்டுக்கு நாலு பேர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

போன வாரம் மலைப்பாதை ராலிகளைப் பார்த்தோம். அங்கே ரைடர் தனி ஆள். ஜெயித்தாலும் தோற்றாலும் அவரோடு போயிற்று. இந்த வாரம் பார்க்கப்போவது மோட்டார் சைக்கிள் பந்தயத்தை ஓர் ஊரின் சொத்தாக மாற்றிக்காட்டிய லீக்கை. மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதக் காரணம் இருக்கிறது. அந்த லீக்குக்கு வேண்டிய சாமான்களில் பாதி நம் பேட்டைகளிலேயே கிடக்கின்றன.

முதலில் ஒரு ஹீட்டைக் கிட்டே நின்று பார்ப்போம். நாலு வண்டிகளுக்கும் முன்னால் குறுக்கே நாடா கட்டியிருக்கும். அது விர்ரென்று மேலே போனதும் கிளட்ச்சை விட வேண்டும். அதற்கு முன்பே நாடாவைத் தொட்டால் ஆள் வெளியே. முதல் வளைவில் பின்சக்கரம் வலப்பக்கமாகச் சறுக்கும். ரைடர் அதைத் தடுக்க மாட்டார், வேண்டுமென்றே சறுக்க விடுவார். வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்; முன்சக்கரமோ வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இடது காலில் மாட்டிய இரும்புக் காலணி தரையை உரசிக்கொண்டே வரும். பிரேக் இல்லாத வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது த்ராட்டிலும் அந்தச் சறுக்கலும்தான். பின்சக்கரம் வாரியிறைக்கும் மண் பின்னால் வருபவரின் கண்ணாடியை மூடும். ஹீட் ஏற ஏற மண்ணெல்லாம் தடத்தின் வெளியோரம் போய்ச் சேரும். தொடக்கத்தில் உள்வரிசையில் நின்றவருக்குக் கிடைத்த பிடிப்பு, கடைசி ஹீட்டுகளில் வெளிவரிசைக்காரருக்குக் கிடைக்கும். நடுநடுவே டிராக்டர் வந்து மண்ணை நிரவும், லாரி தண்ணீர் தெளிக்கும். தடத்தின் குணம் மறுபடி மாறும்.

நாலு பேரில் இருவர் இந்த அணி, இருவர் அந்த அணி. இங்கேதான் லீக்கின் சூட்சுமம் இருக்கிறது. ஒரே அணியின் இருவரும் முதலாவதும் இரண்டாவதுமாக வந்தால் 5–1. அப்போது இரண்டாவதாக வந்தவர் கணக்கில் ஒரு போனஸ் புள்ளி ஏறும். தன் கூட்டாளியை முந்தாமல் எதிரணி ஆளைப் பின்னால் மறித்து வைத்திருந்ததற்கான அங்கீகாரம் அது. அணியின் மொத்தத்தில் அது சேராது. அந்த ரைடர் பெயருக்கு நேரே நிற்கும். முந்துவதற்கென்றே பிறந்த ஒரு விளையாட்டில், முந்தாமல் காவல் காத்தவருக்கும் மரியாதை உண்டு.

15 ஹீட், ஹீட்டுக்கு 6 புள்ளி, ஆக மொத்தம் 90. 46 எடுத்த அணிக்கு வெற்றி. கடைசி ஹீட்டுக்கு முன்னால் 43–41 என்று நின்றால், அரங்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகூட என்னென்ன வரிசையில் வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். நட்சத்திர ரைடர் ஒருவர் ஐந்து ஹீட்டிலும் முதலாவதாக வந்து 15 புள்ளி எடுத்தாலும் அணி தோற்கலாம். இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பொறுக்கிச் சேர்க்கும் சாதாரண ரைடர்கள்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

இந்த விளையாட்டின் பிறப்பை ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்ட் நகரில் 1923 டிசம்பரில் நடந்த பந்தயத்திலிருந்து பலரும் கணக்கிடுவார்கள். 1928இல் இங்கிலாந்துக்குப் போனது. 1929இல் அங்கே லீக் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஸ்பீட்வே பார்க்கப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இங்கிலாந்தில் லீக் இன்னும் நடக்கிறது. ஆனால் மைதானங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நகரத்தின் நடுவே கிடக்கும் நிலத்தின் விலை, வாரம் ஒருமுறை வண்டி ஓட்டுவதால் வரும் வருமானத்தைவிடப் பல மடங்கு. உல்வர்ஹாம்ப்டன் போன்ற பழைய அணி 2023 சீசனோடு தன் மைதானத்தை இழந்தது. மில் நிலங்கள் என்ன ஆயின என்று கண்ணால் பார்த்த மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போலந்தில் கதை வேறு. அங்கே அணி லீக் 1948இல் தொடங்கியது. அதன் உச்சப் பிரிவான எக்ஸ்ட்ராலீகாவில் எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என மோத வேண்டும், 14 சுற்று. பிறகு ப்ளே ஆஃப். 2022, 2023, 2024 என மூன்று ஆண்டும் பட்டம் லூப்ளினுக்கு. உலகச் சாம்பியன் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் ஓட்டுவது அந்த அணிக்கு. அப்படியும் 2025 இறுதியில் லூப்ளினை வீழ்த்தித் தோருன் கோப்பையைத் தூக்கியது; 2008க்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த முதல் பட்டம். உலகின் முதல் ரைடர் ஒரு பக்கம் இருந்தும் இது நடந்தது. அதிகப் பட்டம் வென்ற லெஷ்னோவின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. வார்சாவையெல்லாம் விட்டுவிட்டு அந்தச் சிற்றூர் ஒரு விளையாட்டின் தலைநகராக இருக்கிறது.

அந்த லீக்கின் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இளையவர் விதி. ஒவ்வொரு அணியிலும் 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு ரைடர்களுக்கு இடம் கட்டாயம். இரண்டாவது ஹீட் முழுக்க அவர்களுக்கே. அந்த ஹீட்டின் ஆறு புள்ளியும் மற்ற ஹீட்டுகளின் புள்ளிகளுக்குச் சமம். அதனால் எவ்வளவு பணக்கார அணியானாலும் வெளிநாட்டு நட்சத்திரங்களை வாங்கி அடுக்கினால் மட்டும் போதாது. தன் ஊர்ப் பையன்களைத் தயார் செய்தே ஆக வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். ஸ்பீட்வே உலகத்தை 1960களிலும் 70களிலும் ஆண்ட வண்டி ஜாவா. செக்கோஸ்லோவாகியாவின் திவிஷோவ் என்ற சிற்றூரில் எஸோ என்ற பெயரில் பந்தய பைக் செய்துவந்த தொழிற்சாலை 1964இல் ஜாவாவோடு இணைந்தது. ஆறு முறை உலகச் சாம்பியனான நியூசிலாந்துக்காரர் ஐவன் மேஜரின் வெற்றிகளில் அந்த வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஜாவாவின் சாலை வண்டிகளை 1950களில் இந்தியாவுக்கு இறக்குமதி செய்தவர்கள் பம்பாயைச் சேர்ந்த இரானி குடும்பத்தார். இறக்குமதிக்குத் தடை வந்ததும் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையைத் தொடங்கி 1961இலிருந்து இங்கேயே தயாரித்தார்கள். பிற்பாடு யெஸ்டி ஆனதும் அந்த வண்டிதான். பந்தய ஜாவா மட்டும் இந்தியாவுக்கு ஒரு லீக்கைக் கொண்டுவரவில்லை.

வண்டி போகட்டும், எரிபொருள்? மெத்தனால் தயாரிக்கும் பிரிவு செம்பூரை ஒட்டிய ட்ராம்பேயில், ஆர்.சி.எஃப். உர ஆலையிலேயே உண்டு. உடை? ஸ்பீட்வே ரைடர்கள் நெடுங்காலம் உடுத்தியது தோல். பிறகுதான் கெவ்லாருக்கு மாறினார்கள். தாராவியின் தோல் தொழிலைக் கட்டியெழுப்பியதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு உள்ள பங்கு ஊரறிந்தது. பதனிடும் வேலை வெளியே போன பிறகும் வெட்டித் தைக்கும் கை தாராவியை விட்டுப் போகவில்லை.

லீக் நடத்தத் தெரியாத ஊரா இது? போலந்து லீக் பிறந்த அதே 1948இல் இங்கே பிறந்தது காங்கா லீக். கொட்டுகிற மழைக்காலத்தில், நனைந்த பிட்ச்சில், மைதானங்களில் ஆடும் கிரிக்கெட் அது. மாட்டுங்காவைச் சொந்த மண்ணாகக் கொண்ட தாதர் யூனியனுக்கும் சிவாஜி பார்க் ஜிம்கானாவுக்கும் இருந்த போட்டியில் ஊரே இரண்டுபட்டது. கவாஸ்கரும் வெங்சர்க்காரும் தாதர் யூனியன்காரர்கள். டெஸ்ட் ஆடிவிட்டு வந்தவர் பக்கத்தில் நேற்றுச் சேர்ந்த பையன் ஃபீல்டிங் நிற்பான். மும்பை கிரிக்கெட்டை வளர்த்தது அந்தப் பக்கத்து இடம்தான்.

மண் தட மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஒரு லீக்கின் முதல் முயற்சி 2024இல் வந்தது. இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக். சூப்பர்கிராஸ் ஸ்பீட்வே அல்ல; மேடுகளைத் தாண்டிப் பறக்க வேண்டும், வண்டிக்கு பிரேக்கும் உண்டு. ஆனால் அரங்கம், மண், அணி, புள்ளி எல்லாம் இதற்கும் உண்டு. மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட சியட் நிறுவனம் பெயர் கொடுத்தது. ஆறு அணிகள். ஜனவரி 28 அன்று புனே பாலேவாடி அரங்கில் தொடங்கி, அகமதாபாத் போய், பிப்ரவரி 25 அன்று பெங்களூரில் முடிந்தது. டக்கார் ராலியில் இந்தியாவுக்கு வழி போட்ட சி.எஸ்.சந்தோஷின் பிக்ராக் அணி பட்டம் வென்றது. 2014இல் எம்.எக்ஸ்.2 மோட்டோகிராஸ் உலகச் சாம்பியனான ஜோர்டி டிக்ஸியே போன்றவர்கள் இந்திய மண்ணில் ஓட்டியதை நம் இளைஞர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த சீசன் ஒரு மாதத்துக்குள் மூன்று ஊர்களில் முடிந்துவிட்டது. எல்லா அணிகளும் ஒரே நாளில் ஒரே ஊரில் கூடி, பிறகு அடுத்த ஊருக்கு மூட்டை கட்டின. சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்று எதுவும் இல்லை. புனேக்காரர் எந்த அணிக்குக் கை தட்டுவது? பாலேவாடியில் கொட்டிய மண்ணை அள்ளிய பிறகு, அங்கே பார்த்துச் சொக்கிப்போன ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகும்?

அந்தப் பிள்ளையை நினைக்கும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 13 வயதுச் சிறுவன் விபத்தில் இறந்தான். இளையவர்களை இறக்குவது பற்றிப் பேசும் எவரும் அதை மறக்கக் கூடாது. போலந்தில் உரிமத் தேர்வில் தேறாமல் யாரும் லீக் தடத்தில் கால் வைக்க முடியாது. வளைவுகளில் காற்றடைத்த தடுப்புகள் நிற்கும். அப்படியும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பயிற்சி, தேர்வு, தடுப்பு, தடத்தருகே மருத்துவர் என எல்லாம் இருக்கும் நிலையான மைதானம்தான் இளையவர்களுக்குப் பாதுகாப்பு. வாடகைக்கு எடுத்த அரங்கில் இரண்டு நாள் கொட்டிய மண்ணால் அது முடியாது.

நமக்கு முதலில் தேவை பெரிய பரிசுத் தொகை அல்ல. ஒரு 300 மீட்டர் மண் தடம், நாலு ஊர், ஊருக்கு ஓர் அணி, ஒவ்வோர் அணியிலும் உள்ளூர் இளையவர் இருவர், மழை நின்ற பிறகு மாதம் இருமுறை ஆட்டம். புனே, நாசிக், கோலாப்பூர், நவி மும்பை என்று தொடங்கினால் ராத்திரி ரயிலிலேயே போய்த் திரும்பலாம். லெஷ்னோவால் முடிந்தது கோலாப்பூரால் முடியாதா? மண் குஸ்திக்கு ஊர் ஊராகக் கூட்டம் கூட்டிக் காட்டிய மகாராஷ்டிரத்துக்கு, மண்ணில் ஓடும் வண்டிக்கும் கூட்டம் கூட்டத் தெரியும். தடத்துக்கு நிலம் ஒதுக்குவதை மட்டும் யாராவது ஒரு நகராட்சி முதலில் செய்ய வேண்டும்.

அடுத்த வாரம்: இரண்டாம் உலகப்போரின் விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே பந்தயத் தடமான கதை. சோழவரத்துக்குப் போவோம்.

(தொடரும்)