விலையுள்ள பொருளும் விலையில்லாப் பயனும்



இயற்கை நமக்கு அளிக்கும் பயன்கள் பலவாகும். அவற்றுள் சிலவற்றை நிறுத்து விற்கிறோம். சிலவற்றைக் கண்டு மகிழ்கிறோம். சிலவற்றையோ அறியாமலேயே அனுபவிக்கிறோம். இவற்றை மக்கள் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரம் ஒன்றே போதும்.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் சேற்றுநிலத்தில் வளர்வது இம்மரம். விறகு தேடுவோனுக்கு இது விறகு. செம்பனை பயிரிட எண்ணுவோனுக்கு இது இடத்தை அடைக்கும் காட்டுமரம். மீனவருக்கோ, இதன் வேர்கள் மீன்குஞ்சுகளும் இறால்களும் ஒதுங்கும் புகலிடம். கம்போங் குவாந்தான் படகோட்டிக்கு இதுவே பிழைப்பு. ஏனெனில், இரவில் இதன் இலைகளில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் கூடி, ஒருசேர ஒளிவிட்டு மறைகின்றன. அக்காட்சியைக் காண வெளிநாட்டினரும் வருகின்றனர்.

மரம் ஒன்று, மதிப்போ ஆளுக்கு ஒன்று!

ஒளிரும் மின்மினியை மட்டும் மதித்தால் போதுமா? போதாது. மின்மினியின் புழு மரத்தில் வாழ்வதில்லை. கரையோரத்து ஈரமண்ணிலும் புதரடியிலும் வாழ்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே, அழகிய மரத்தை விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள புதரை அழித்தால் நாளடைவில் ஒளியும் அணைந்துவிடும். எவரும் விலை பேசாத சேறும் நத்தையுமே அவ்வொளிக்கு அடிப்படையாகும்.

இன்னும் ஒரு வியப்பைக் கேளுங்கள். தைப்பூசத்தன்று நாம் செல்லும் பத்துமலைக் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. பெரெம்பாங்கும் அதன் இனத்து மரங்களும் இரவில் மலர்பவை. அம்மலர்களின் தேனை நாடி, இவ்வௌவால்கள் பல மைல்கள் பறந்து கடலோரச் சதுப்பு நிலக் காடுகளுக்கு வருகின்றன. டுரியான் பூக்கும் பருவத்தில் அதன் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ எடுத்துச் சென்று, காய்க்கச் செய்பவையும் இவையே. டுரியானோ சில காலமே பூக்கும். மற்ற நாட்களில் இவற்றுக்கு உணவூட்டுவது கடலோரக் காடு. சந்தையில் டுரியானுக்கு வெள்ளி எண்ணிக் கொடுக்கிறோம். வௌவாலுக்கோ, கடலோர மரத்திற்கோ எவர் கூலி கொடுக்கிறார்?

செம்பனை நமக்குச் சோறு போடுகிறது. அதைப் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நிறுத்து விற்கக்கூடிய பொருளுக்கே விலை உண்டு. அவ்விலை விற்பவன் ஒருவனைச் சேரும். விற்க இயலாத பயனோ மீனவர், படகோட்டி, பழத்தோட்டக்காரர், வழிப்போக்கர் எனப் பலரைச் சேரும். மரத்தை வெட்டும்போது ஊதியம் பெறுவோன் ஒருவன், இழப்போர் பலர். அப்பலரையும் எவரும் கேட்பதில்லை. எனவே, விலை இல்லாதது மதிப்பில்லாதது என எண்ணுவது பெரும் பிழையாகும்.

பெற்றோர்களே, மருந்தடிக்கும் தோம்பை வாய்க்காலில் கழுவாதீர்கள். அந்நீர் ஆற்றைச் சேரும். மாணவர்களே, மின்மினியைப் புட்டியில் அடைக்காதீர்கள். ஆற்றங்கரைக்குச் சென்றால், "இம்மரத்தால் யாருக்கு என்ன பயன்?" என வினவி, விடைகளை ஏட்டில் எழுதி வாருங்கள். விலைச்சீட்டில் காணாத கணக்கு அவ்வேட்டில் இருக்கும்.