இறங்கும் படிகள்

கிறிஸ்து சமயம் போற்றும் அறங்களுள் தாழ்மைக்குத் தனியிடம் உண்டு. ஆயினும், அச்சொல்லைப் போலத் தவறாகப் பொருள் கொள்ளப்பட்ட சொற்கள் மிகச் சிலவே. பிறர் முன்னிலையில் தலைகுனிந்து நிற்றலே தாழ்மை என்பார் சிலர். தன்னைத் தானே இகழ்ந்து பேசுதலே தாழ்மை என்பார் வேறு சிலர். முன்னையது அச்சத்தினால் விளையலாம். பின்னையது புகழை எதிர்பார்த்துப் பூணும் வேடமாக இருக்கலாம். அங்ஙனமாயின், கிறிஸ்து சமயம் கூறும் தாழ்மை யாது? அது தன்னையே ஈயும் தியாகமாக மலர்வது எவ்வாறு? அதனால் மனித உள்ளம் மாற்றம் அடைவது எங்ஙனம்? நேயர்களே, இவ்வினாக்களை இன்று சிறிது ஆராய்வோம்.

பண்டைய கிரேக்க, உரோம உலகிலே வீரம், நீதி, விவேகம், தன்னடக்கம் ஆகியன பேரறங்களாக எண்ணப்பட்டன. தாழ்மைக்கு அவ்வரிசையில் இடமில்லை. தாழ்ந்த நிலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பெரும்பாலும் இழிவுப் பொருளிலேயே வழங்கிற்று. அச்சொல்லை எடுத்து அறத்தின் பெயராக உயர்த்தியது ஆதித் திருச்சபை. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காண விரும்புவோர், புனித பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும்.

பிலிப்பி, மக்கெதோனியா நாட்டிலிருந்த நகரம். கி.மு. 42ஆம் ஆண்டில் அதன் அருகே நிகழ்ந்த பெரும்போரின் பின், ஓய்வுபெற்ற உரோமப் போர்வீரர் பலர் அங்கே குடியேற்றப்பட்டனர். ஆகவே உரோமக் குடியுரிமையும் பதவியும் பட்டமும் அந்நகரத்தாருக்குப் பெருமை தரும் பொருள்களாயின. உரோம சமுதாயத்தில் ஒருவன் கீழ்ப்பதவியில் தொடங்கிப் படிப்படியாக மேற்பதவிகளை அடைதல் வேண்டும். அடைந்த பதவிகளை வரிசையாகக் கல்லிலே பொறித்து வைப்பதும் வழக்கம். ஏறும் படிகளே வாழ்வின் அளவுகோலாக இருந்த ஊர் அது.

அத்தகைய ஊரிலிருந்த சின்னஞ்சிறு சபைக்குப் பவுல் சிறையிலிருந்து எழுதுகின்றார். கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்திலே கிறிஸ்துவின் வாழ்வை அவர் இறங்கும் படிகளாக வருணிக்கின்றார். இறைநிலை முதற்படி. அந்நிலையின் உரிமைகளைப் பற்றிக்கொண்டிராமல் தம்மை வெறுமையாக்கி மனிதரானது அடுத்த படி. மனிதருள்ளும் அடிமையின் கோலம் பூண்டது அதற்கும் கீழான படி. இறுதிப் படியோ சிலுவை மரணம். சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமர் விதித்த கொடுந்தண்டனை. அதற்குக் கீழே வேறு படியில்லை. அந்த அடித்தளத்திலிருந்தே கடவுள் அவரை உயர்த்தினார் என்று பவுல் முடிக்கின்றார்.

இது வெறுந் தத்துவ விளக்கமன்று. அதே கடிதத்தின் பிற்பகுதியில், எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்மணிகள் ஒரு மனத்தினராக வேண்டும் என்று பவுல் கேட்டுக்கொள்கின்றார். சபைப் பணியில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களே பிணங்கி நின்றார்கள். நற்பணி செய்வோரிடையேயும் முதன்மை பற்றிய போட்டி எழும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்கு மருந்தாகவே இறங்கும் படிகளைக் காட்டினார் எனலாம்.

தாழ்மையின் இயல்பை விளக்கும் மற்றொரு நிகழ்ச்சி யோவான் எழுதிய நற்செய்தியில் வருகின்றது. தாம் இறப்பதற்கு முந்திய இரவில் இயேசு பந்தியை விட்டெழுந்து, இடையிலே துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அஃது அக்காலத்தில் வீட்டு வேலைக்காரர் செய்த பணி. இங்கே கவனிக்கத்தக்கவை மூன்று. தாம் எங்கிருந்து வந்தவர், எங்கே செல்பவர் என்பதை நன்கு அறிந்த நிலையிலேயே இயேசு இதனைச் செய்தார் என நற்செய்தி கூறுகின்றது. ஆகவே தன் மதிப்பை அறியாமை தாழ்மையன்று. இரண்டாவது, தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அவ்வேளை அங்கேயிருந்தான். தகுதி பார்த்துச் செய்யப்பட்ட பணியன்று அது. மூன்றாவது, பேதுரு தம் பாதங்களைக் கழுவ முதலில் இடங்கொடுக்கவில்லை. பிறருக்குக் கொடுக்க முன்வருவோர் பலர், பிறரிடமிருந்து பெற்றுக்கொள்ளக் கூசுவர். அக்கூச்சத்தினுள்ளும் செருக்கு ஒளிந்திருக்கக்கூடும்.

இனி, உள்ளம் மாறும் விதத்தை நோக்குவோம். மனிதன் தன் பெயரையும் நிலையையும் காப்பதிலேயே பேராற்றலைச் செலவிடுகின்றான். எதனை இறுகப் பற்றியிருக்கின்றானோ அதனை இழந்துவிடுவேனோ என்ற அச்சம் அவனை விடுவதில்லை. மூடிய கையினால் எதையும் கொடுக்கவும் இயலாது; புதிதாக எதையும் பெறவும் இயலாது. தியாகம் அக்கையைத் திறக்கின்றது. முதலில் மனம் மாறிப் பின்னரே செயல் மாற வேண்டுமென்பதில்லை. தாழ்ந்த பணியில் கை பழகப் பழக, மனமும் அதன்வழி உருப்பெறுகின்றது. ஆறாம் நூற்றாண்டிலே புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில், தாழ்மையைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்ததன் கருத்தும் இத்தகையதே. அச்சத்திலே தொடங்கும் அப்பயிற்சி, அச்சமற்ற அன்பிலே முடிகின்றது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1651ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த பெனோலிமில் பிறந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். உயர்குடிப் பிறப்பும் கல்வியும் குருத்துவமும் அவருக்கு இருந்தன. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாருக்குத் தடை விதித்திருந்த காலம் அது. 1687ஆம் ஆண்டில் அவர் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடனே கடும் நோயுற்றார். பின்னர் சில்லாலையிலும் புத்தளத்திலும் மறைவாகப் பணிபுரிந்து, 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என்ற ஐயத்தினால் சிறைப்பட்டார். 1697இல் கண்டியிலே வைசூரி பரவிற்று. நோயாளரைக் கைவிட்டுப் பலர் ஓடிய வேளையில், அடிகளார் அவர்களைத் தேடிச்சென்று, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். தம் சமயத்தார், பிற சமயத்தார் என்ற வேறுபாட்டை அவர் பார்க்கவில்லை. பின்னர் ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். 1711 சனவரி 16இல் கண்டியில் காலமானார். கொழும்பு காலிமுகத் திடலில் 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அவர் பூண்ட கூலியாளின் கோலம் தொடக்கத்தில் ஒரு மாறுவேடமே. ஆயின், வைசூரி கண்டோரின் குடிசைகளிலே அந்தக் கோலமே அவருடைய உண்மை வடிவமாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தாழ்மை என்பது ஒருவர் தாமாக விரும்பி ஏற்பது, பிறர்மேல் சுமத்துவதன்று. கூலி குறைக்கப்பட்ட தொழிலாளியிடமும், வீட்டிலே கொடுமைக்கு ஆளாகும் பெண்ணிடமும், பிறப்பினால் ஒதுக்கப்பட்டோரிடமும், ‘தாழ்மையாயிரு, தியாகஞ் செய்’ என்று உபதேசித்தோர் வரலாற்றில் உண்டு. அவர்கள் படிகளைத் தலைகீழாக்கினார்கள். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் இறங்குபவர் அடிமையல்லர், உயர்ந்தவரே இறங்குகின்றார். பாதங்களைக் கழுவியவரும் சீடரல்லர், ஆசிரியரே. 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பாப்பரசர் பிரான்சிஸ் உரோமாபுரியில் இளங்குற்றவாளிகளின் சிறைக்குச் சென்று, பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இசுலாமியரும் இருந்தனர். அதிகாரம் உடையோரிடமே தாழ்மை முதலில் எதிர்பார்க்கப்படுகின்றது என்பதை அச்செயல் உணர்த்திற்று.

ஆதலின், நேயர்களே, நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க வினா ஒன்றுண்டு. நம் வீட்டிலும் தொழிலிடத்திலும் நமக்குக் கீழே இருப்பவர் யார்? அவரை நோக்கி நாம் இறங்கக்கூடிய படி எது? ஒரு மன்னிப்பை முதலிற் கேட்பதாக இருக்கலாம். நோயாளியின் அருகே ஓர் இரவு விழித்திருப்பதாக இருக்கலாம். நமக்கு உரிய முதலிடத்தைப் பேசாமல் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கலாம். அப்படியில் காலை வைப்பது நம்முடைய பொறுப்பு. உயர்த்துவது இறைவனுடைய செயல் என்பதே கிறிஸ்தவரின் நம்பிக்கை.