வெற்றிலை எச்சிலும் எஃகுப் பாலமும்

ஹூக்ளி நதிமீது ஹவுராவையும் கொல்கத்தாவையும் இணைக்கும் பாலம் 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகாலான அப்பாலத்திற்கு வெற்றிலை எச்சில் பகையாயிற்று. பாலத்தின் தளத்தைத் தாங்கும் தொங்கு தண்டுகளின் அடியில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு உறைகள் இருந்தன. அவை 2007க்கும் 2011க்கும் இடையில் பாதிக்கும் கீழாக மெலிந்துவிட்டதாகக் கண்டறியப்பட்டது.

இச்செய்தியைப் பல துறையினரிடமும் கூறிப் பாருங்கள். இரசாயன நிபுணர், "சுண்ணாம்பு காரமாயிற்றே! தேங்கிய ஈரமும் உப்புமே துருவுக்குக் காரணம்" என்று விளக்கி, விடைபெறுவார். காவலர் அபராதச் சீட்டை எடுப்பார். கணித ஆசிரியரோ, "நான்காண்டில் பாதி கரைந்தால், முழுவதும் கரைய எத்தனை ஆண்டு?" என்று வினாத்தாள் எழுதுவார். வெற்றிலைக் கடைக்காரர், "பாலத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கலாம்" என்பார்.

பாலத்தைப் பராமரிக்கும் துறைமுகப் பொறியாளர்கள் எவரையும் திருத்த முற்படவில்லை. துருப்பிடிக்காததும் எளிதில் கழுவத்தக்கதுமான கண்ணாடியிழை உறைகளைத் தண்டுகளின் அடியில் பொருத்தினர்.

உறை தண்டைக் காக்கும். துப்பும் பழக்கத்தை ஒழிக்காது. அதற்கு, வினாத்தாள் எழுதச் சென்ற ஆசிரியரையே நாம் திரும்ப அழைத்தாக வேண்டும்.