மயில்துத்தத்துக்கு மண்பானை, பாலுக்கு எவர்சில்வர்: உழவர் அறிய வேண்டிய உலோக குணம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நிறைய உண்டு. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தோப்புக்காரர்களுக்கு ஒரு கவலையும் கூடவே வரும். அதுதான் தென்னைக் குருத்தழுகல். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் மரமே பட்டுப்போகும். ஐம்பது மரத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு நான்கு மரம் போனாலும் பெரிய நஷ்டம்தான்.

இந்த நோய்க்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் இருந்தால் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் மயில்துத்தத்தை எடை பார்த்து வாங்கி, சுண்ணாம்பையும் சரியாக நிறுத்து, கடைசியில் இரும்பு வாளியில் கரைத்தால் போட்ட காசு வாளியோடு போய்விடும். மருந்தில் குறை இல்லை. குறை பாத்திரத்தில் இருக்கிறது.

வாளி விழுங்கும் மருந்து

மயில்துத்தம் என்பது செம்பு கலந்த உப்பு. பூசணத்தைக் கொல்வது அதிலுள்ள செம்புதான். இந்தக் கரைசல் இரும்பில் பட்டால் இரும்பு கரைந்து நீரில் இறங்கும். நீரில் இருந்த செம்பு சிவப்புப் பூச்சாக வாளியில் ஒட்டிக்கொள்ளும். மருந்தின் வீரியம் குறையும்; வாளியும் ஓட்டையாகும். துத்தநாகம் பூசிய வாளியில் இது இன்னும் விரைவாக நடக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது. அதைச் சுண்ணாம்பு அரித்துவிடும். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி ஆகியவையே ஏற்றவை. மருந்து கரைத்த பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கோ, குடிநீருக்கோ எடுக்கக் கூடாது.

ஒரு சதக் கலவை 10 லிட்டர் தயாரிக்க மயில்துத்தம் 100 கிராம், நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் வேண்டும். துத்தத்தை 5 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். சுண்ணாம்பைத் தனியே நீர்க்க வைத்து 5 லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

நோய் கண்ட மரத்தில் அழுகிய பகுதியைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, 10 சதப் பசையைத் தடவ வேண்டும். இதற்குத் துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் நீரிலும் கரைத்துச் சேர்த்தால் போதும். புதுக் குருத்து வரும்வரை மழைநீர் இறங்காதபடி மூடி வைக்க வேண்டும். சுற்றியுள்ள மரங்களின் குருத்துப் பகுதியில் ஒரு சதக் கலவையைத் தெளிக்கலாம்.

அரிவாள் சொல்லும் சாட்சி

கலவை பக்குவமாக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். துருவில்லாமல் தீட்டிய அரிவாள் நுனியையோ, பளபளப்பான ஆணியையோ ஒரு நிமிடம் கலவையில் பிடித்தால் போதும். சிவப்பு படிந்தால் கட்டுப்படாத செம்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து, சிவப்பு படியாத நிலை வந்த பிறகு தெளிக்க வேண்டும். வாளியில் நஷ்டம் தந்த அதே குணம் அரிவாள் நுனியில் சோதனையாக உதவுகிறது.

இக்கலவை பிறந்த கதையும் சுவையானது. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காதிருக்கப் பாதையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் குறைவாக இருந்ததை மில்லார்டே என்ற அறிஞர் கவனித்தார். 1885-ல் அதை மருந்தாக வெளியிட்டார்.

யாரை யார் விரட்டுவார்?

உலோகங்களைப் படிக்கட்டு வரிசையாக நினைத்துக்கொள்ளலாம். மேல்படியில் அலுமினியம், அடுத்துத் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், செம்பு, வெள்ளி, அடிப்படியில் தங்கம். மேல்படியில் உள்ளது எளிதில் அரிபடும். கீழ்ப்படியில் உள்ளதைக் கரைசலிலிருந்து விரட்டும். கீழே போகப் போக நிலைத்து நிற்கும். தங்கம் துருப்பிடிக்காததும் இதனால்தான். மேல்படியில் இருந்தும் அலுமினியம் உழைக்கிறதே என்றால், காற்றுப் பட்டதும் அதன் மேல் ஒரு மெல்லிய தோல் உண்டாகிக் காத்துக்கொள்கிறது. உப்பும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் அந்தத் தோலைக் கெடுப்பவை.

ஜி.ஐ. குழாயில் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். கீறல் விழுந்தாலும் முதலில் அரிபடுவது துத்தநாகமே. அது உள்ளவரை இரும்பைக் காக்கும். எண்ணெய் டின்னில் பூசியிருப்பது வெள்ளீயம். அது இரும்புக்குக் கீழ்ப்படி. டின்னில் கீறல் விழுந்தால் இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஆகவே நசுங்கிக் கீறிய பழைய டின்னில் விதையோ, உரமோ சேமிக்கக் கூடாது.

மோட்டார் கொட்டகையிலும் இந்த வரிசையை மறக்கக் கூடாது. அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் நேராக முறுக்கிக் கட்டினால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபடும். இணைப்புத் தளர்ந்து சூடேறும், மோட்டாரும் புகையக்கூடும். இதற்கென உள்ள இணைப்பான்களைத் தகுதி பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்துவதே நல்லது.

கலந்தால் குணம் மாறும்

செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்போடு வெள்ளீயமும் சிறிது துத்தநாகமும் சேர்ந்தது கன்மெட்டல். தண்ணீரில் நன்கு உழைப்பதால் பம்புகளின் இம்பெல்லர், புஷ் முதலியவற்றுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இரும்பில் கலப்பது கரி. கரி உலோகம் அல்ல. ஆனால் இரும்பின் குணத்தையே மாற்றிவிடும். வளைத்துக் கட்டும் கம்பியில் 100 கிலோவுக்குக் கால் கிலோ அளவே கரி இருக்கும். லாரி வில்பட்டையில் அரைக் கிலோவுக்கு அதிகம். அதனால்தான் கொல்லர் அதைக் காய்ச்சி அடித்துத் தோய்த்து அரிவாள் ஆக்குகிறார். வார்ப்பிரும்பிலோ 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். 1936-லேயே பஞ்சாலை கண்ட ராஜபாளையத்தில், பழைய நூற்பு இயந்திரங்களின் சட்டங்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அது அதிர்வைத் தாங்கும். சம்மட்டி அடியைத் தாங்காது. வார்ப்பிரும்புப் பம்பைச் சுத்தியால் தட்டிக் கழற்றக் கூடாது என்பது இதனால்தான். அரிவாளைச் சாணைச் சக்கரத்தில் நீல நிறம் ஏறும்வரை பிடித்தால் தோய்ச்சல் போய்விடும். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டினால் முனை நிற்கும்.

பாலும் பாத்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும்தான் அதன் சரக்கு. ஆகவே பாலின் தரமே அதன் தரம். பாலில் செம்பு சிறிதளவு கலந்தாலும் கொழுப்பு கெட்டு வாடை வரும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் பால் கறப்பதோ, தயிர், மோர், புளி வைப்பதோ கூடாது. களிம்பு ஏறி வாந்தி, வயிற்றுவலி வரும்.

ஈயம் பூசும்போது கவனம் வேண்டும். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம்; அது கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். ஆகவே வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது.

பாலுக்குச் சிறந்தது எவர்சில்வர். 100 பங்கில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த இரும்பு அது. அலுமினியக் கேன் இருந்தால் சலவைச் சோடா போட்டுத் தேய்க்காமல் மிதமான சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

கந்தகமும் கரியும்

மா பூக்கும் காலத்தில் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிப்பார்கள். கந்தகமும் உலோகம் அல்ல. செம்பையும் பித்தளையையும் அது கறுக்கச் செய்யும். எனவே தெளித்ததும் தெளிப்பானையும் அதன் முனையையும் நன்கு கழுவ வேண்டும். கழுவிய நீரைக் கிணற்றிலோ, வாய்க்காலிலோ விடக் கூடாது. கந்தகம் தீப்பிடிக்கும், பீடி, அடுப்பு அருகில் வைக்கக் கூடாது.

மோட்டாரின் எர்த் குழியில் குழாயைச் சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் போடுவது ஈரத்தைப் பிடித்து மின்சாரத்தை மண்ணில் இறக்குவதற்காக. கோடையில் அக்குழிக்கு நீர் ஊற்ற வேண்டும். உப்பு குழாயை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பயிருக்கும் உலோகம் வேண்டும்

குழாயைக் காக்கும் துத்தநாகம் நெல்லுக்கும் உணவு. 1966-ல் பந்த்நகரில் நெல்லின் ‘கைரா’ நோய்க்குக் காரணம் பூசணம் அல்ல, துத்தநாகக் குறைவே என்று கண்டார்கள். குறையுள்ள வயலில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து நடவுக்குச் சற்று முன் தூவலாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது. கலந்தால் பயிர் எடுக்க முடியாத பொருளாக மாறிவிடும்.

உர மூட்டையோடு மண்வெட்டியையும் கலப்பைக் கொழுவையும் ஒரே மூலையில் போடாமல் தனியே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெளியலாம். பெண் கொடுக்கப் பொருத்தம் பார்க்கிறோம். மருந்தைக் கரைக்கும்முன் பாத்திரத்துக்கும் பொருத்தம் பார்த்தால் மருந்தும் மிஞ்சும், மரமும் மிஞ்சும்.