ஸ்க்ரூவை வரையாதீர்கள்

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் டிசைன் பார்க்கிறாராம். பிரஸ் டூல், ஜிக், ஃபிக்சர் எல்லாம் வரைந்து பழகிய கை. வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுவது பொழுதுபோக்கு. “ஐயா, காக்பிட்டின் முன்பலகையை நானே வரைந்து சிமுலேட்டரில் ஏற்றினேன். ஸ்க்ரூவின் மரை உட்பட எல்லாம் அச்சு அசல். ஆனால் ஏற்றியதும் கம்ப்யூட்டர் நொண்டியடிக்கிறது. எங்கே தப்பு?” என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: இதைக் கற்றுக்கொண்டால் விமான நிறுவனங்களில் வேலை நிச்சயம் என்று ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறதே, நம்பலாமா?

வேலை விஷயம் பிறகு. முதல் கேள்விக்கான பதில் அவர் கடிதத்திலேயே இருக்கிறது: மரை உட்பட.

டூல்ரூமில் வரைகிற ஸ்க்ரூ, நாளை லேத்தில் ஏறப்போகிற ஸ்க்ரூ. பிட்ச் பிசகினால் பொருந்தாது. சிமுலேட்டருக்கு வரைகிற ஸ்க்ரூவை யாரும் முடுக்கப்போவதில்லை, பார்க்க மட்டுமே போகிறார்கள். அதையும் விநாடிக்கு 30 தடவை, 60 தடவை கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வரைந்து காட்டியாக வேண்டும். கார்டுக்கு வட்டமும் தெரியாது, சிலிண்டரும் தெரியாது, தெரிந்ததெல்லாம் முக்கோணம். டிசைன் மென்பொருளில் ஒரு சமன்பாடாக அடங்கிக் கிடந்த மரையை முக்கோணங்களாக உடைத்தால் ஒரு ஸ்க்ரூவுக்கே ஆயிரக்கணக்கில் போகும். காக்பிட்டில் 400 ஸ்க்ரூ, ஒன்றுக்கு 3,000 முக்கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12 லட்சம். இத்தனைக்கும் மரை பலகைக்குள் புதைந்து கிடக்கிறது. மரையை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் 150 முக்கோணத்தில் முடித்தாலும் 60,000 ஆகிறது. ஸ்க்ரூவுக்கே இவ்வளவு என்றால் சுவிட்ச், லீவர், சீட், பெல்ட் எல்லாம் எங்கே போவது?

பழைய சிமுலேட்டர்களில் இதற்கு ஒரு சோம்பேறி வழி இருந்தது. பலகையின் புகைப்படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஸ்க்ரூவின் நிழல் படத்திலேயே பதிந்திருக்கும். விமானம் திரும்பி, வெயில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறினாலும் நிழல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

ஸ்க்ரூவையும் வரையாமல், நிழலையும் வரையாமல், வெயில் மாறும்போது மின்னுகிற ஸ்க்ரூவைக் காட்டுகிற வித்தை ஒன்று இருக்கிறது. நார்மல் மேப் என்று பெயர். இந்தத் துறையின் மற்ற விஷயங்களையெல்லாம் நான் மறந்தாலும் இதை மறக்கமாட்டேன்.

ஒரு பரப்பு மேடா பள்ளமா என்பதைக் கண் நேரடியாக அளப்பதில்லை. பெரும்பாலும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே ஊகிக்கிறது. பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக ஒரு கோடு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நார்மல். அந்தக் கோடு விளக்கை நேராகப் பார்த்தால் முழு வெளிச்சம். 60 டிகிரி விலகினால் பாதி. கார்டு போடுகிற கணக்கின் அடிப்படை இவ்வளவுதான். அப்படியானால் பரப்பைத் தட்டையாகவே விட்டுவிட்டு, கோடுகளின் சாய்வை மட்டும் மாற்றிச் சொன்னால் என்ன? கணக்கு ஏமாறும். கணக்கு ஏமாந்தால் கண்ணும் ஏமாறும்.

திருவள்ளூர்ப் பக்கத்துக்காரருக்கு இதை வயலில் வைத்துச் சொல்கிறேன். பரம்படித்துச் சமன்செய்த வயல், நடவு முடிந்து ஒரு மாதம். நிலத்தில் மேடு பள்ளம் கிடையாது. ஆனால் காற்று வீசும்போது வயல் முழுக்க அலை ஓடுகிறது. நிலமா அசைந்தது? பயிர் சாய்ந்தது, அவ்வளவே. நார்மல் மேப் என்ற படத்தின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நாற்று. அது கிழக்கு மேற்காக எவ்வளவு சாய்கிறது, வடக்கு தெற்காக எவ்வளவு, எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்ற மூன்று எண்களும் சிவப்பு, பச்சை, நீலமாகப் படத்தில் எழுதப்படுகின்றன. சாயாமல் நேராக நிற்கும் நாற்றுக்கு 128, 128, 255. அதனால்தான் நார்மல் மேப் எதைத் திறந்தாலும் ஒரே ஊதா கலந்த நீலமாக இருக்கிறது. அதன் நடுவே வட்டமாக நாற்றுகளை வெளிப்பக்கம் சாய்த்து நட்டால் ஸ்க்ரூ தலையின் விளிம்பு வந்துவிடும். குறுக்கே இரண்டு வரிசையை ஒன்றையொன்று பார்த்துச் சாய்த்து நட்டால் ஸ்க்ரூடிரைவர் இறங்கும் ஸ்லாட். நிலத்தில் ஒரு கூடை மண்கூட அள்ளிப் போடவில்லை.

இன்னும் கேளுங்கள். கிழக்கு மேற்கு என்றேனே, அது உலகத்தின் திசை இல்லை. அந்த வயலின் வரப்பை வைத்துச் சொல்கிற திசை. வயலைப் பெயர்த்து மலைச்சரிவில் வைத்தாலும் நாற்றின் சாய்வு வரப்புக்கு ஏற்றபடியே இருக்கும். ஆகவே ஒரே ஸ்க்ரூ படத்தை முன்பலகையிலும் போடலாம், தலைக்கு மேலுள்ள சாய்ந்த பலகையிலும் போடலாம். அடுத்தது, எல்லா நாற்றுக்கும் நீளம் சரியாக 1. இரண்டு சாய்வும் தெரிந்தால் நிமிர்வைப் பிதாகரஸ் சொல்லிவிடுவார். மூன்றாவது எண்ணைச் சேமிக்கவே வேண்டாம். எந்த வயலிலய்யா எல்லாப் பயிரும் ஒரே உயரம் என்று விவசாயி யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உவமையை இத்தோடு வரப்பேற்றிவிடுகிறேன்.

ஒரு சின்னக் கண்ணி உண்டு. பச்சை எண் கூடினால் மேல்நோக்கிச் சாய்வதாக ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் முறை எடுத்துக்கொள்ளும். டைரக்ட்எக்ஸ் முறையில் அதுவே கீழ்நோக்கி. மாடல் செய்ய உதவும் ப்ளெண்டர் மென்பொருள் முதல் கட்சி. இரண்டாம் கட்சிக்காரர்களிடம் அந்தப் படத்தை அப்படியே கொடுத்தால் எல்லா ஸ்க்ரூ தலையும் குழியாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை நம்புவதால் வருகிற மயக்கம் இது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் மேடாகத் தெரிவதும் இதனால்தான். உங்கள் காக்பிட்டில் ஸ்க்ரூ எல்லாம் உள்ளே விழுந்து கிடந்தால் பச்சையைத் தலைகீழாக்குங்கள், போதும். வேறெதையும் தொட்டுக் கெடுக்க வேண்டாம்.

இந்தச் சாய்வுகளை யார் ஒவ்வொன்றாக நடுவது? இங்கேதான் மணவாள நகர் வாசகரின் உழைப்புக்கு வேலை வருகிறது. அவர் அச்சு அசலாக வரைந்த கனமான மாடலைத் தூக்கியெறிய வேண்டாம். அதன்மேல் சில நூறு முக்கோணங்களே உள்ள எளிய பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும். பலகைப் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் மென்பொருள் ஒரு கதிரை அனுப்பி, அது கனமான மாடலில் படுகிற இடத்தில் நார்மல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளும். இதைத்தான் பேக் செய்வது என்கிறார்கள். 4096-க்கு 4096 படம் என்றால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் பிக்சல். சில நிமிடம் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அதன்பின் கனமான மாடல் வீட்டோடு இருந்துகொள்ளும்; எளிய பலகையும் படமும்தான் சிமுலேட்டருக்குப் போகும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், குடும்பத் தொழிலான ஆர்கன் தயாரிப்பில் பழகிய துருத்திகளை வைத்து 1929-இல் பயிற்சிக் கூண்டு ஒன்றைச் செய்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் பறக்கவைத்தவர் புரூஸ் ஆர்ட்விக். ஆண்டு 1979, ஆப்பிள் 2-இல். நார்மலைக் கலைத்துச் சொரசொரப்பு காட்டலாம் என்று 1978-இல் எழுதியவர் ஜேம்ஸ் ப்ளின். கனமான மாடலின் நுண்விவரத்தைத் தனியே உரித்து எளிய பரப்பில் போர்த்தும் வழியை 1996-இல் ஸ்டான்ஃபோர்டின் வெங்கட் கிருஷ்ணமூர்த்தியும் மார்க் லெவாயும் விவரித்தார்கள். போதும்.

நார்மல் மேப்பை மந்திரமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது மந்திரமில்லை. பலகையைப் பக்கவாட்டில், ஓரத்தோடு ஓரமாகப் பார்த்தால் விளிம்பு தட்டையாகவே இருக்கும். அங்கே மறைக்க வழியில்லை. தலையில் மாட்டும் விஆர் கருவியில் நிலைமை இன்னும் மோசம். இரு கண்ணுக்கும் இரண்டு படம் போவதால், ஒரு முழம் தள்ளியிருக்கிற சுவிட்ச் தட்டையானது என்று மூளை கண்டுபிடித்துவிடும். என் கணக்கு இது: பலகையிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் எழும்புகிற எதையும் உண்மையாகவே மாடல் செய்ய வேண்டும். ஸ்க்ரூ தலை, வார்ப்புச் சொரசொரப்பு, கீறல் எல்லாம் படத்துக்கு. திருகும் குமிழ், சுவிட்ச், த்ராட்டில் லீவர் முக்கோணத்துக்கு.

ஒரே புகைப்படத்திலிருந்து ஏஐ முழுக் காக்பிட்டையே கக்கிவிடும் என்று இப்போது ஒரு கூச்சல். கக்கலாம். ஆனால் பலகையும் குமிழும் ஒட்டிப் பிறந்த ஒரே கட்டியாக வந்தால் அதை எப்படித் திருப்புவது? குமிழ் தனிப் பொருளாக இருக்க வேண்டும்; அது சுழலும் அச்சு சரியாக நடுவில் இருக்க வேண்டும். வேகமானியின் முள்ளைப் பாருங்கள்: பல விமானங்களில் டயலின் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதில்லை. எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்று ஓர் அட்டவணை எழுதித்தான் முள்ளை ஓட்ட வேண்டும்.

அளவு விஷயத்தில் டூல்ரூம்காரருக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. விமானத்தின் வரைபடம் கிடைக்காது, புகைப்படம்தான் கிடைக்கும். கவலை வேண்டாம். சிறு விமானங்களின் முக்கிய டயல்கள் உலகெங்கும் 3⅛ அங்குல, அதாவது 79.4 மில்லிமீட்டர் துளைக்கென்று செய்யப்படுபவை. சின்னவை 2¼ அங்குலம். நேராக எடுத்த படத்தில் ஒரு டயல் தெரிந்தால் போதும், முழுப் பலகையின் அளவையும் வெர்னியர் இல்லாமலே எடுத்துவிடலாம். செல்போனைப் பலகைக்கு மிக அருகே பிடித்து எடுத்த படம் மட்டும் வேண்டாம், ஓரங்கள் இழுபடும்.

இனி வேலை. திருவள்ளூரிலிருந்து ரயில் பாதையில் மேற்கே போனால் அரக்கோணம். அங்கே 1992-இல் தொடங்கிய கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் இருக்கிறது; 2013 முதல் போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. இப்படிப்பட்ட பெரிய விமானங்களுக்கான உயர்தர சிமுலேட்டர்களில் காக்பிட்டை யாரும் வரைவதே இல்லை. உண்மையான சுவிட்ச், உண்மையான லீவர், உண்மையான சீட் வைத்துக் கட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் வரைவது பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே தெரிகிற ஓடுபாதையையும் மேகத்தையும்தான். ஆகவே காக்பிட் மாடலிங் கற்றால் விமான நிறுவனம் வாசலில் வந்து நிற்கும் என்பது கப்ஸா. வேலை இருப்பது வீட்டுச் சிமுலேட்டர்களுக்கு விமானம் செய்து விற்கும் சிறு குழுக்களிலும், விஆர் பயிற்சி மென்பொருள் எழுதுகிற இடங்களிலும், கேம் ஸ்டூடியோக்களிலும். அங்கே சான்றிதழை யாரும் கேட்பதில்லை. செய்த மாடலைத் திறந்து, முக்கோணத்தை எண்ணி, குமிழைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ப்ளெண்டருக்குக் காசு கிடையாது. 1997 முதல் வந்துகொண்டிருக்கிற ஃப்ளைட்கியர் சிமுலேட்டருக்கும் காசு கிடையாது. அதில் யார் வேண்டுமானாலும் விமானம் செய்து சேர்க்கலாம். வெளிநாட்டு ஜெட்டுகளை ஊரே செய்துகொண்டிருக்கிறது. டாக்டர் காட்கே வடிவமைத்து 1951-இல் பெங்களூரில் பறந்த நம்முடைய எச்.டி-2 பயிற்சி விமானத்தில் எண்ணக்கூடிய அளவுக்கே டயல்கள். மணவாள நகர்க்காரர் அதில் கைவைக்கட்டும். முதலில் ஆல்டிமீட்டர் ஒன்றை மட்டும் செய்து, முள் ஓடுகிறதா, நான்கு மூலை ஸ்க்ரூவும் வெயிலுக்கு மின்னுகிறதா என்று பார்க்கட்டும். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.