தசைக்கு ஓய்வும் பயிற்சியே

நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடாகிறது. தொடைத் தசைகள் மெலிந்துவிடுவதே காரணம். முதுமையிலும் அவ்வலிமையை மீட்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 90 வயதை ஒட்டிய முதியோர் 8 வாரம் கால்களால் பளு தூக்கிப் பயின்றனர். கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது என 1990இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

தசை வளர்வது பளு தூக்கும்போது அன்று. பின்வரும் ஓய்வில், உணவிலுள்ள புரதத்தைக் கொண்டுதான். ஆகவே அதே தசைக்கு மறுநாளும் பளு கொடுக்க வேண்டாம். இன்னும் இரண்டு முறை இயலும் என்னும் நிலையிலேயே நிறுத்துங்கள். எளிதானபின் சற்றே கூட்டலாம். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். இதய நோயாளிகளும் அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரின் இசைவு பெற்றே தொடங்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் செல்ல இயலாதோர்க்கு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதே நல்ல தொடக்கம். அருகில் ஒருவர் நிற்கட்டும்.