மீனம்பாக்கத்தில் ஏன் தாமதம்?

கருங்குழியிலிருந்து டில்லிக்கு ஆகாய விமானத்தில் போக விரும்புகிறவர் திருச்சி நெடுஞ்சாலையில் வடக்கே புறப்பட்டு, செங்கற்பட்டைத் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். சாலையில் தாமதம் நேர்ந்தால் காரணம் கண்ணெதிரே தெரிகிறது. ஆகாயத்தில் நேரும் தாமதத்துக்கோ காரணம் புலப்படுவதில்லை. "ஓடுபாதைகள் இரண்டு இருக்கும்போது இவ்வளவு காத்திருப்பு எதற்கு?" என்று பிரயாணிகள் கேட்பது நியாயந்தான்.

பாதைகள் இரண்டு என்பது மெய்யே. பெரியதன் நீளம் 3,658 மீட்டர். மற்றது அதனினும் குட்டை. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. நாற்சந்தியில் ஒரு திசை வண்டிகள் போகும்போது மறு திசை வண்டிகள் நிற்கத்தானே வேண்டும்? ஆகவே பாதை இரண்டானாலும் பலன் இரட்டிப்பதில்லை.

ஒரு விமானத்துக்கு 2 நிமிஷம் வேண்டுமானால் மணிக்கு 30 விமானங்களையே இயக்கலாம். மணிக்கு 33 வந்தால், மூன்று மணி நேரத்தில் ஒன்பது விமானங்கள் வரிசையில் நிற்கும். காலையில் விழுந்த முடிச்சு மாலைவரை அவிழாமல் இருப்பதன் ரகசியம் இதுவே.

இடைவெளியைக் குறைத்தால் என்ன? 2010 மே 22-ல் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்த விமானத்தில் 158 பேர் மாண்டனர். பாதையின் முடிவில் விடப்படும் வெற்றிடமும், விமானங்களுக்கிடையே விடப்படும் தூரமும் உயிர்களுக்கான காப்பு. அவற்றில் கை வைக்கலாகாது.

குறைக்கக் கூடியது, இறங்கிய விமானம் பாதையில் தங்கும் நேரம். செங்கோணமாகத் திரும்பும் கிளைப்பாதையில் விமானம் ஊர்ந்துதான் செல்லும். சாய்வான கிளைப்பாதை இருந்தால் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலேயே விலகிவிடலாம். லண்டனுக்கருகிலுள்ள காட்விக் நிலையம் ஒரே பாதையைக் கொண்டு மணிக்கு 55 விமானங்கள்வரை இயக்கிக் காட்டியிருக்கிறது.

இருந்தும் ஒரு பாதைக்கு எல்லை உண்டு. இரு பாதைகளில் ஒன்றையொன்று எதிர்பாராமல் விமானங்கள் இறங்க வேண்டுமானால், அவை இணையாக, குறைந்தது 1,035 மீட்டர் விலகியிருக்க வேண்டுமென்பது சர்வதேச விதி. நகரம் நெருக்கும் மீனம்பாக்கத்தில் அதற்கு இடமேது? ஆகவேதான் 2022-ல் காஞ்சீபுரத்தை அடுத்த பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. திட்டத்துக்கு வேண்டிய நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். வயலும் ஏரியும் அதில் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் அன்றுமுதல் எதிர்த்து வந்திருக்கிறார்கள்.

மதுராந்தகம் ஏரிக்கு அருகே வாழும் கருங்குழியாருக்கு, நன்செய் இழப்பது இன்னதென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கு விமான நிலையம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இருக்கும் பாதையில் இன்னும் எத்தனை விமானங்களை இயக்கலாம், புதிய பாதைகளுக்கு எத்தனை ஏக்கர் இன்றியமையாதது என்ற இரு கணக்குகளையும் தமிழில், கிராமத்தார் முன்னிலையில், அதிகாரிகள் விரித்து வைக்க வேண்டும். நிலத்தைக் கொடுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.